விளக்கின் முன் மூன்று நொடி

கொளத்தூரில் வண்ணமீன் தொழில் செய்கிற எங்களிடம் யூவி, அதாவது தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்குக் கருவி, கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "அண்ணா, நம்ம டேங்குக்கு எத்தனை வாட் போடணும்?" தொட்டியின் நீள அகல உயரத்தைச் சொல்வார்கள். நான் பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்பேன். யூவி எதற்காக வேண்டும்? உங்கள் பம்ப் மணிக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது? விளக்கை எப்போது மாற்றப் போகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் எத்தனை வாட் என்பது தானாக முடிவாகிவிடும். விடை தெரியாமல் வாங்கினால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அது தொட்டியின் ஓரத்தில் எரியும் ஒரு நீல விளக்கு, அவ்வளவுதான்.

யூவியின் அருமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது கடைத் தொட்டிகள்தான். வீட்டில் ஒரு தொட்டி வைத்திருப்பவருக்கும் கடைக்காரருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கடையில் அடுக்கடுக்காகத் தொட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபில்டர் வைத்துக் கட்டுப்படியாகாது. எல்லாத் தொட்டித் தண்ணீரும் கீழே ஒரு ஸம்ப்புக்கு வந்து, வடிகட்டி, ஒரே மோட்டாரில் மேலேறி, மறுபடி எல்லாத் தொட்டிக்கும் பிரியும். செலவு குறைவு, பராமரிப்பு சுலபம். ஆனால் ஏஞ்சல் தொட்டியில் இருக்கிற கிருமி கப்பி தொட்டிக்கும் கோல்ட்ஃபிஷ் தொட்டிக்கும் அதே குழாய் வழியாகப் போய்ச் சேரும். மழைக்காலத்தில் தண்ணீர் திடீரென்று குளிர்ந்து மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறையும் நேரத்தில், வெளியூரிலிருந்து வந்த ஒரு பை மீனில் வெள்ளைப்புள்ளி இருந்தால் போதும். அடுத்த சில நாட்களில் வரிசை முழுக்கப் புள்ளி தெரியும். டியூபிஃபெக்ஸ் புழு போன்ற உயிருணவு வழியாகவும் கிருமி வரும். இப்படி ஒரே தண்ணீர் பல தொட்டிகளுக்குச் சுற்றும் இடத்தில், ஸம்ப்பிலிருந்து மேலேறும் குழாயில் ஒழுங்காகப் பொருத்திய யூவி தன் விலையை ஒரே பருவத்தில் திருப்பிக் கொடுத்துவிடும்.

அது வேலை செய்கிற விதத்தைப் புரிந்துகொண்டால் வாங்கும்போது யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. வெயில் பட்டால் பாக்டீரியா வளராது என்பதை இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர் 1877-லேயே காட்டினார்கள். 1910-ல் பிரான்சின் மார்சேய் நகரில் குடிநீரைப் புற ஊதா விளக்கால் சுத்திகரித்துப் பார்த்தார்கள். இன்று நாம் வாங்கும் விளக்கு, குறைந்த அழுத்தப் பாதரச ஆவி விளக்கு. அதிலிருந்து வரும் கதிரின் அலைநீளம் 253.7 நானோமீட்டர். உயிரணுவின் டி.என்.ஏ. மிக நன்றாக உறிஞ்சும் அலைநீளம் 260-ஐ ஒட்டியது. இரண்டும் ஏறத்தாழப் பொருந்துவதால்தான் இந்த விளக்குக்கு இவ்வளவு பலம். கதிர் பட்டதும் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து உள்ள தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கிருமியால் பெருக முடியாது. பெருக முடியாத கிருமி நோயைப் பரப்பாது.

ஒரு கிருமிக்குப் போய்ச் சேரும் கதிரின் அளவு இரண்டைப் பொறுத்தது. ஒன்று, கதிரின் செறிவு. மற்றொன்று, தண்ணீர் விளக்கின் முன் இருக்கும் நேரம். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் அளவு. அதைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று சொல்வார்கள். குடிநீர் யூவி கருவிகளுக்குப் பரவலாக வைத்துக்கொள்ளும் அளவு 40 மில்லிஜூல். தண்ணீரில் மிதக்கும் பச்சைப்பாசிக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கும் அந்த அளவை ஒட்டியோ அதற்குக் கீழேயோ போதும். வெள்ளைப்புள்ளி போன்ற ஒட்டுண்ணிகளின் உடல் பெரியது. அவற்றுக்கு அதைப்போலப் பல மடங்கு தேவைப்படும்.

வீட்டில் குடிநீர் யூவி கருவி இருந்தால் அதைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது 8 வாட் அல்லது 11 வாட் விளக்கு. அதன் வழியே தண்ணீர் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் போகும். அதே 11 வாட் விளக்கை மீன்தொட்டிக்கு வாங்கி, மணிக்கு 1,000 லிட்டர் தள்ளும் பம்பில் மாட்டுகிறோம். நிமிடத்துக்குப் பதினாறு லிட்டருக்கும் மேல். குடிநீரில் நடக்கிற வேலை இங்கேயும் நடக்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி? வாட் ஒன்றுதான், நேரம்தான் போய்விட்டது.

இந்த நேரத்தை யார் வேண்டுமானாலும் கணக்கிடலாம். யூவியின் வெளிக்கூட்டைக் கழற்றி, குவார்ட்ஸ் குழாய் உள்ளே இருக்கும்போதே அதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று அளவுக் கோப்பையால் ஊற்றிப் பாருங்கள். அரை லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்ப் மணிக்கு 600 லிட்டர் தள்ளினால், தண்ணீர் உள்ளே இருப்பது மூன்று நொடி. 1,200 லிட்டர் என்றால் ஒன்றரை நொடி. 300 லிட்டர் என்றால் ஆறு நொடி. பம்பின் அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல், குழாய் வளைவும் ஃபில்டரும் இல்லாமல் கிடைக்கும் அளவு. எல்லாம் பொருத்திய பிறகு, தண்ணீர் தொட்டியில் விழும் இடத்தில் 10 லிட்டர் பக்கெட்டை வைத்து நொடி எண்ணுங்கள். 60 நொடியில் நிறைந்தால் மணிக்கு 600 லிட்டர். நான் பொருத்தப் போகிற எல்லா இடத்திலும் முதலில் செய்வது இதுதான். அட்டைப்பெட்டிக் கணக்கில் பாதிகூட வராத பம்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"அப்படின்னா தண்ணிய மெதுவா விட்டா போதுமே?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கேதான் அடுத்த கணக்கு வருகிறது. யூவியிலிருந்து வெளியே வரும் தண்ணீர் தொட்டியில் உள்ள தண்ணீரோடு உடனே கலந்துவிடுகிறது. ஆகவே 300 லிட்டர் தொட்டியில் 300 லிட்டர் பம்ப் வழியாகப் போய்விட்டால் எல்லாத் தண்ணீரும் விளக்கைப் பார்த்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஏறத்தாழ 63 சதவீதம்தான் பார்த்திருக்கும். மீதி 37 சதவீதம் தொட்டியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 99 சதவீதம் போய்வர வேண்டுமென்றால் தொட்டியின் கொள்ளளவைப் போல 4.6 மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். 99.99 சதவீதத்துக்கு 9.2 மடங்கு. மிக மெதுவாக விட்டால், யூவி கொல்வதைவிட வேகமாகத் தொட்டிக்குள் கிருமி பெருகும். வேகமாக விட்டால் விளக்கின் முன் நேரம் போதாது.

இந்த இழுபறியைத் தீர்ப்பது நான் முதலில் கேட்ட கேள்விதான்: எதற்காக? பச்சைத் தண்ணீர் தெளிய வேண்டும் என்றால் குறைந்த அளவு போதும், ஓட்டம் நன்றாக இருக்க வேண்டும். 300 லிட்டர் தொட்டிக்கு நல்ல 9 வாட் விளக்கு, மணிக்கு 600 லிட்டர் என்பது என் வழக்கம். அந்த ஓட்டத்தில் இரண்டே கால் மணி நேரம் கடந்ததும் 99 சதவீதத் தண்ணீர் ஒருமுறையாவது விளக்கைத் தாண்டியிருக்கும். ஒட்டுண்ணி பரவாமல் தடுக்க வேண்டும் என்றால் அதே தொட்டிக்கு விளக்கை இரண்டு மடங்கு, முடிந்தால் அதற்கும் மேல் ஏற்றி, ஓட்டத்தைப் பாதியாகக் குறைப்பேன். கடை வரிசைகளுக்கு நீளமான பெரிய விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுவேன். அங்கே ஓட்டத்தைக் குறைக்க முடியாது. ஆகவே விளக்கைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

யூவி செய்ய முடியாத வேலைகளையும் வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். யூவி ஒரு சோதனைச் சாவடி மாதிரி. சாவடியைத் தாண்டுகிற வண்டியைத்தான் அங்கே நிறுத்திப் பார்க்க முடியும். ஊருக்குள் நிற்கிற வண்டியை ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைப்புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மீனின் தோலில் தெரியும் புள்ளி, தோலுக்கடியில் புதைந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அதை யூவி தொடாது. அது முதிர்ந்து உதிர்ந்து, கூழாங்கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும். அதையும் யூவி தொடாது. கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும் குஞ்சுகள் புது மீனைத் தேடி நீந்துகின்றனவே, அந்த ஓரிரு நாள்தான் யூவிக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அதனால் ஒரே தொட்டிக்குள் நோய் வந்த மீனை யூவி குணமாக்காது. ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு நோய் போவதைப் பெருமளவு தடுக்கும். மருந்து வேலையை மருந்துதான் செய்ய வேண்டும்.

கண்ணாடியிலும் செடியிலும் ஒட்டி வளரும் பாசிக்கும் இதே நிலைதான். தண்ணீரில் மிதக்கும் பாசியை மட்டும் யூவி அழிக்கும். பச்சையாக இருந்த தண்ணீர் சில நாட்களில் கண்ணாடிபோல் ஆகிவிடும். அந்த நாட்களில் காற்று மோட்டாரைக் கூடுதலாக ஓட விடுங்கள். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனை இழுக்கும். ஃபில்டர் பஞ்சையும் அடிக்கடி கழுவ வேண்டும். தண்ணீர் ஏன் பச்சையானது என்பதையும் பாருங்கள். ஜன்னல் வெயில், அதிகத் தீனி, தண்ணீர் மாற்றாதது ஆகியவற்றைச் சரிசெய்யாவிட்டால் யூவியை நிறுத்தியதும் பச்சை திரும்பிவரும். அம்மோனியாவையும் யூவி குறைக்காது. அதைச் சரிசெய்யும் நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் ஒட்டி வாழ்வதால் யூவியால் அவற்றுக்குப் பாதிப்பு வராது. பாட்டிலில் வாங்கிய பாக்டீரியாவை ஊற்றும்போது மட்டும் ஓரிரு நாள் விளக்கை அணைத்து வையுங்கள். மருந்து போடும் நாட்களிலும் அணைத்துவிட வேண்டும். மலாக்கைட் கிரீன் போன்ற மருந்துகளைக் கதிர் சிதைத்துவிடும்.

விளக்கு எவ்வளவு நல்லதானாலும் கதிர் தண்ணீருக்குள் ஊடுருவிப் போக வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தடிமனான தெளிந்த தண்ணீர் 90 சதவீதக் கதிரை விட்டால், மூன்று சென்டிமீட்டர் தாண்டும்போது 73 சதவீதம் மிஞ்சும். ஒரு சென்டிமீட்டருக்கு 70 சதவீதம் விடும் கலங்கல் தண்ணீரில் மூன்று சென்டிமீட்டர் தாண்டும்போது 34 சதவீதம்தான் மிஞ்சும். ஃபைட்டர் வளர்ப்பவர்கள் பாதாம் இலை போட்டு வைத்திருக்கும் தேநீர் நிறத் தண்ணீரிலும், புதிதாக மரத்துண்டு வைத்த தொட்டியிலும் யூவி சோர்ந்துவிடுவது இதனால்தான். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் இரும்புச்சத்து அதிகமுள்ள போர் தண்ணீர் கதிரை விழுங்கும். எனவே யூவியை எப்போதும் ஃபில்டருக்குப் பிறகு வையுங்கள். கேனிஸ்டர் ஃபில்டர் என்றால் தண்ணீர் வெளியே வரும் குழாயில். மரக்காணம் கடற்கரையோரம் உள்ள இறால் குஞ்சுப் பொரிப்பகங்களிலும் கடல்நீரை முதலில் மணல் வடிகட்டியில் விட்டு, பிறகு நுண் வடிகட்டியில் விட்டு, அதற்கும் பிறகுதான் யூவிக்கு அனுப்புவார்கள். தொழில் பெரிதானாலும் சிறிதானாலும் வரிசை ஒன்றே.

இனி கருவியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பது. முதலில் விளக்கு. கிருமி கொல்லும் விளக்கின் குழாய் முழுக்கத் தெளிவாக இருக்கும். உள்ளே இழை தெரியும். டியூப்லைட் போல வெள்ளைப் பூச்சோ, கருநீலக் கண்ணாடியோ இருந்தால் அது வேறு விளக்கு. 395, 405 என்று எண் போட்ட எல்.இ.டி. விளக்குகளையும் யூவி என்று விற்கிறார்கள். அவற்றின் கதிர் கிருமி கொல்லும் அலைநீளத்துக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. அவற்றை வாங்காதீர்கள். பிலிப்ஸ் கம்பெனியின் கிருமி கொல்லி விளக்குகளில் டி.யூ.வி. என்ற குறி இருக்கும். மற்ற கம்பெனிகளின் விளக்கில் 253.7 அல்லது 254 நானோமீட்டர் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே வகை மாற்று விளக்கு நம் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று அன்றே கேட்டுவிடுங்கள். விளக்கு கிடைக்காத யூவி அடுத்த ஆண்டு குப்பைக்குப் போகும்.

அடுத்தது, விளக்கைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும் குழாய். அது குவார்ட்ஸாகத்தான் இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை அப்படியே தடுத்துவிடும். ஒரு வாடிக்கையாளர் குறைந்த விலைக்கு வேறிடத்தில் வாங்கிய யூவியைப் பொருத்தி மாதக்கணக்காகியும் தண்ணீர் பச்சையாகவே இருந்தது. விளக்கும் ஓட்டமும் சரியாகவே இருந்தன. குவார்ட்ஸ் குழாய் வாங்கி மாற்றினோம். அந்த வாரமே தெளிந்தது. பில்லில் குவார்ட்ஸ் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

மூன்றாவது, கூட்டின் வடிவம். தண்ணீர் ஒரு முனையில் புகுந்து, விளக்கின் முழு நீளத்தையும் கடந்து, மறுமுனையில் வெளியேற வேண்டும். குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும் கூட்டைவிட, நீளமாகவும் குறுகலாகவும் இருப்பது மேல். குழாய்க்கும் கூட்டின் சுவருக்கும் இடைவெளி அதிகமானால் ஓரத்தில் போகும் தண்ணீருக்குக் கதிர் போய்ச் சேராது. பொருத்தும்போது வெளியேறும் துவாரம் மேல்பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே தங்கி, குழாயின் ஒரு பகுதி தண்ணீரே படாமல் நிற்கும். விளக்கையும் பம்பையும் ஒரே சுவிட்சில் போடுங்கள். பம்ப் நின்று விளக்கு மட்டும் எரிந்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் சூடாகும்.

விளக்கின் ஆயுள்தான் பலர் கவனிக்காதது. பெரும்பாலான விளக்குகளுக்கு 8,000 முதல் 9,000 மணி நேரம் வரை சொல்வார்கள். இரவும் பகலும் எரிந்தால் ஏறத்தாழ ஓராண்டு. அதற்குப் பிறகும் நீல வெளிச்சம் நன்றாகவே தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் நீலம் வேறு, கிருமி கொல்லும் கதிர் வேறு. அது நம் கண்ணுக்குத் தெரியாது, குறைவதும் தெரியாது. நான் பொருத்துகிற எல்லா யூவியிலும் கூட்டின் மேல் தேதியை எழுதி ஒட்டிவிடுவேன். 9 வாட் விளக்கு ஓராண்டு முழுக்க எரிந்தால் ஆகும் மின்சாரம் ஏறத்தாழ 79 யூனிட். தேய்ந்த விளக்கும் அதே 79 யூனிட்டைத்தான் குடிக்கும், பலன் ஏதும் தராமல்.

குவார்ட்ஸ் குழாயில் உப்புக்கறை படியும். சென்னையின் போர் தண்ணீரில் இது சீக்கிரமே நடக்கும். மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, சிட்ரிக் ஆசிட் கரைசலிலோ வினிகரிலோ நனைத்த துணியால் துடையுங்கள். சுரண்டாதீர்கள். விளக்கைக் கழற்றும்போது கண்ணாடியை வெறும் கையால் தொடாமல் துணியால் பிடியுங்கள். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். உள்ளே தண்ணீர் இறங்கினால் ஆபத்து.

பாதுகாப்பில் எந்தச் சமரசமும் வேண்டாம். எரிகிற விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துமே, அதே காயம்தான் இதிலும் வரும். கூடு இல்லாமல் விளக்கை நேரடியாகத் தொட்டிக்குள் தொங்கவிடும் மாதிரிகளும் விற்பனையில் உண்டு. மீனின் கண்ணும் தோலும் செடியும் கெடும். யாருக்கும் அதை நான் பொருத்தித் தர மாட்டேன். கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். தொட்டிக்கு மின்சாரம் வரும் இணைப்பில் கசிவு தடுக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்கட்டும். பழைய விளக்கில் பாதரசம் இருப்பதால் உடைக்காமல், குப்பையில் போடாமல், மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

வீட்டில் ஒரே தொட்டி, அளவான மீன், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றம், புது மீனை மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பார்க்க ஒரு குவாரண்டைன் தொட்டி. இவ்வளவும் உங்களிடம் இருந்தால் யூவி கட்டாயமில்லை. யூவிக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் குவாரண்டைன் தொட்டியை வாங்குங்கள் என்றுதான் என் கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்கிறேன். பல தொட்டிகள் ஒரே தண்ணீரில் ஓடுகின்றனவா, வெயில் விழும் கோய் குளமா, விலை உயர்ந்த டிஸ்கஸா? அப்படியானால் யூவி தேவை. வாங்கப் போகும் முன் பக்கெட்டை வைத்து நொடி எண்ணி, அந்த எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் அந்த எண்ணைக் கேட்காமலே கருவியை எடுத்து நீட்டினால், வேறு கடையைப் பாருங்கள்.